அவர் படையில் இருந்தாரா?

(“ஒரு மனிதனின் கடைசி மரியாதையைக் காப்பது உறவா? ஊரா?” என்ற தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், ‘ஊரே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியவரின் உரை)

உறவே என்று உருகி உருகிப் பேசிவிட்டு, இப்போது களைப்பாக உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) பண்டிகை நாளில் பலகாரத் தட்டோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே!

பண்டிகை நாளும் அதுவுமா சாவைப் பத்திப் பேசச் சொல்லிட்டாரே நடுவர்னு வீட்டுல என் மனைவிக்கு ரொம்பக் கோபம். நான் சொன்னேன், “பயப்படாதே, கேட்கிறவங்க யாரும் சாக மாட்டாங்க, நான் பத்து நிமிஷம்தான் பேசுவேன்”னு. (சிரிப்பு)

நடுவர்: எட்டு நிமிஷம்தான்!

பாருங்க, சாவு விஷயத்துல மட்டும்தான் நேரத்தைக் குறைச்சா யாரும் ஒத்துக்க மாட்டாங்க! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். “கொள்ளி வைப்பவன் மகன். வாய்க்கரிசி போடுபவள் மகள். பதினாறாம் நாள் படைப்பவர்கள் பங்காளிகள். இதில் ஊர் எங்கே வந்தது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு நான் புத்தகத்திலிருந்து பதில் சொல்லப் போவதில்லை. கொள்ளி வைத்த ஒரு மகன் என்ற முறையில் பதில் சொல்லப் போகிறேன்.

2011ஆம் ஆண்டு. என் மகள் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தாள். நாங்கள் ஆறு மாதம் போயிருந்தோம். ஒரே கடைத்தெரு, இரண்டு மாதா கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபாலாபீஸ். அவ்வளவுதான் ஊர். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். எண்பது வயசு, தனிக்கட்டை. காலையில் நான் நடக்கப் போவேன், அவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். என் இங்கிலீஷ் அவருக்குப் புரியாது, அவர் இங்கிலீஷ் எனக்குப் புரியாது. அதனால ரொம்ப நல்ல நண்பர்களாயிட்டோம். (சிரிப்பு) கருத்து வேறுபாடே வந்ததில்லை!

ஒருநாள் ராத்திரி மூணு மணி இருக்கும். வெளிச்சம் தெரியுதேன்னு ஜன்னல் வழியாப் பார்த்தேன். பெரியவர் போயிட்டார். வாசலில் ஒரு கறுப்பு வண்டி. அதிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவருக்கு அறுபது வயது, இன்னொருவன் அவர் மகன். அந்த நேரத்தில், அந்தக் குளிரில், இரண்டு பேரும் கோட்டு, டை கட்டியிருந்தார்கள். உள்ளே போய் அரைமணி நேரம் கழித்துப் பெரியவரை எடுத்து வந்தார்கள். வாசற்படி தாண்டுவதற்கு முன்னால் நின்றார்கள். அந்த அறுபது வயதுக்காரர், மடித்து வைத்திருந்த அவர்கள் நாட்டுக் கொடியை விரித்து, மேலே போர்த்தினார். அப்புறம்தான் வண்டியில் ஏற்றினார்கள். தெருவில் யாரும் இல்லை நடுவர் அவர்களே. பார்த்தது நான் ஒருத்தன்தான். யாரும் பார்க்காதபோதும் செய்தாங்க பாருங்க, அது பேர்தான் மரியாதை! (கைதட்டல்)

காலையில் மகளிடம் கேட்டேன், “யாரம்மா அவங்க?” “அவங்கதாம்ப்பா இந்த ஊர் ஃபியூனரல் ஹோம் நடத்தறவங்க. மூணு தலைமுறையா அந்தக் குடும்பம்தான் செய்யுது”ன்னா. ஃபியூனரல் ஹோம்னா என்ன? நம்ம ஊரில் சாவு வீட்டிலேயே நடக்கிற அத்தனையும் அங்கே ஒரு தனி வீட்டில் நடக்கும். குளிப்பாட்டுவது, உடுத்துவது, பெட்டியில் வைப்பது, சொந்தபந்தம் வந்து பார்ப்பது, கல்லறைக்குக் கொண்டு போவது எல்லாமே. கீழே காரியம், மாடியில் அவர்கள் குடித்தனம். சாப்பாட்டு நேரத்திலும் மாடியில் பிள்ளைகள் சத்தம் போடாமல் நடப்பார்களாம், கீழே யாராவது அழுதுகொண்டிருப்பார்கள் என்று!

அந்தத் தொழிலுக்கு ஒரு வரலாறு இருக்கு. அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு மரச்சாமான் கடை. கட்டில் செய்கிற தச்சரே சவப்பெட்டியும் செய்வார். பிறந்தால் தொட்டில், போனால் பெட்டி, இரண்டும் ஒரே கடையில்! பிறகு 1861 முதல் 1865 வரை அவர்களுக்குள் பெரிய உள்நாட்டுப் போர். மகன் தெற்கே எங்கேயோ செத்துக் கிடக்கிறான், தாய் வடக்கே காத்திருக்கிறாள். ரயிலில் கொண்டு வரணும், உடல் தாங்கணும். அதற்காகத்தான் உடலைப் பதப்படுத்துகிற முறை அங்கே பெரிய அளவில் பரவியது. 1865இல் லிங்கனையே அப்படித்தான் வாஷிங்டனிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ரயிலில் கொண்டு போனார்கள். ஆக, அந்தத் தொழில் வளர்ந்ததே ஒரு சிப்பாயைத் தாயிடம் கொண்டு சேர்ப்பதற்காக! (கைதட்டல்)

எதிரணி நண்பர் உடனே துண்டுச் சீட்டில் ஏதோ எழுதறார். எனக்குத் தெரியும் என்ன எழுதறார்னு. “அதெல்லாம் வியாபாரமய்யா!” சரிதானே? (சிரிப்பு) ஆமாம், வியாபாரம்தான். நான் மறைக்கலை. 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உடலைப் பார்வைக்கு வைத்து அடக்கம் செய்ய அங்கே நடுத்தரமாக 8,300 டாலர் செலவு. 1963லேயே ஜெசிக்கா மிட்ஃபோர்டு என்ற அம்மையார், துக்கத்தில் இருக்கிறவர்களிடம் எப்படிப் பணம் கறக்கிறார்கள் என்று ஒரு புத்தகம் எழுதி நாட்டையே உலுக்கினார். 1984இல் சட்டமே வந்தது, எதுக்கு எவ்வளவுன்னு விலைப்பட்டியலைக் கையில் கொடுக்கணும், போனில் கேட்டாலும் சொல்லணும்னு. நம்ம ஊரில் மட்டும் என்ன? பாடை கட்ட ஒரு ரேட்டு, பூப்பல்லக்குக்கு ஒரு ரேட்டு, அழறதுக்குக்கூட ஆள் வச்ச ஊருய்யா இது! (சிரிப்பு)

ஆனால் நடுவர் அவர்களே, அந்த விலைப்பட்டியலில் இல்லாத ஒன்றை நான் அங்கே பார்த்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இரண்டு நாள் கழித்து, பெரியவரின் ஒரே மகன் கலிபோர்னியாவிலிருந்து வந்தார். அப்பாவுக்கும் மகனுக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை. அந்த வீட்டுச் சாவி என் மகளிடம்தான் இருந்தது. அவளையும் துணைக்கு வரச்சொல்லி ஃபியூனரல் ஹோமுக்குப் போனார். நானும் போனேன். அங்கே அந்த அறுபது வயதுக்காரர் எங்களை உட்கார வைத்தார். பெட்டி என்ன விலையில் வேணும்னு கேட்கலை. எத்தனை பேர் வருவாங்கன்னு கேட்கலை. முதல் கேள்வி என்ன தெரியுமா? “உங்கப்பா படையில் இருந்தாரா?”

மகன் சொன்னார், “இருந்தார்னு தெரியும். ரெண்டு வருஷமோ என்னவோ. அதைப் பத்திப் பேசவே மாட்டார்.” “விடுவிப்புத் தாள் இருக்கிறதா?” டி.டி. 214 என்று ஒரு படிவம். படையிலிருந்து வெளியே வரும்போது கொடுப்பார்கள். அது இருந்தால் கொடி வாங்கலாம், மரியாதைக்குப் படைவீரரை அழைக்கலாம், கல்லறைக் கல்லை அரசு இலவசமாகத் தரும். மகன் கைவிரிச்சுட்டார். “இல்லைன்னா அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்கலாமே”ன்னார்.

அப்போ அவர் சொன்ன விஷயம் எனக்கு அதிர்ச்சியா இருந்தது. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் பெரிய தீ. ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களின் கோப்புகள் எரிந்தே போயின. 1912க்கும் 1960க்கும் நடுவில் தரைப்படையிலிருந்து வந்தவர்களின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது போச்சு. இந்தப் பெரியவர் கொரியாப் போர்க்காரர், 1950-53. அரசாங்கத்திடம் அவர் கோப்பு சாம்பலாகியிருக்கலாம்!

சொல்லிவிட்டு எழுந்து போனார். ஒரு இரும்பு அலமாரியைத் திறந்தார். பழுப்பு நிற உறை ஒன்றை எடுத்து வந்து மகன் முன்னால் வைத்தார். “என் தந்தை காலத்தில் உங்கப்பா கொண்டு வந்து கொடுத்த நகல். இந்த ஊர்ப் படைவீரர்கள் எல்லாருடைய தாளும் எங்களிடம் இருக்கு. நாங்களேதான் கேட்டு வாங்கி வைப்போம்”னார்.

மகன் பிரிச்சுப் படிச்சார். ஒரு இடத்தில் விரல் நின்னுடுச்சு. பர்ப்பிள் ஹார்ட். போரில் காயம் பட்டவர்களுக்குக் கொடுக்கிற பதக்கம். அவர் மெதுவா நிமிர்ந்து சொன்னார், “அப்பா காலில் ஒரு பெரிய தழும்பு உண்டு. டிராக்டரில் அடிபட்டதுன்னு சொல்லி வச்சிருந்தார்.”

நடுவர் அவர்களே! பெத்த பிள்ளைக்குத் தெரியாதது, ஊர்க்காரன் அலமாரியில் பத்திரமாக இருந்தது! இப்ப சொல்லுங்க, மரியாதையைக் காத்தது உறவா, ஊரா? (பலத்த கைதட்டல்)

நடுவர்: நீங்களே தீர்ப்பைச் சொல்லிட்டா நான் எதுக்குய்யா? (சிரிப்பு)

அடக்கத்தன்று பார்த்தேன். ஊர்வலம் போகும்போது எதிரே வந்த வண்டிகள் எல்லாம் ஓரமாக நின்றன. கல்லறையில் சீருடையில் இரண்டு படைவீரர்கள். அதுவும் சட்டம்தான். 2000ஆம் ஆண்டிலிருந்து, குடும்பம் கேட்டால் குறைந்தது இரண்டு பேராவது வந்தே ஆக வேண்டும். கொடியை மடித்துக் கொடுக்கணும், ‘டேப்ஸ்’ என்கிற ஊதுகொம்பு இசை ஒலிக்கணும். மொத்தம் இருபத்து நாலே ஸ்வரம். 1862இல் போர்க்களப் பாசறையில், விளக்கணைக்கிற நேரத்துக்காக உண்டானது. ஊதுவதற்கு ஆள் கிடைக்காத தட்டுப்பாடு வந்ததால், 2003லிருந்து கொம்புக்குள்ளேயே ஒரு கருவி வைத்துவிட்டார்கள். வாயில் வைத்து நின்றால் போதும், அதுவே பாடும். நம்ம கல்யாணத்துல நாதஸ்வர கேசட் போடற மாதிரி! (சிரிப்பு) ஆனா சொல்றேன், அந்த இடத்துல எனக்குச் சிரிப்பு வரலை.

உள்ளூர்ப் பழைய படைவீரர்கள் ஏழு பேர். எழுபது, எண்பது வயசு. ஒருத்தர் கை நடுங்குது. மூணு முறை வேட்டு. அப்புறம் அந்த இரண்டு படைவீரர்களும் கொடியை மடித்தார்கள். பதின்மூன்று மடிப்பு. கடைசியில் முக்கோணமாகி, நட்சத்திரம் உள்ள நீல நிறம் மட்டும்தான் வெளியே தெரியும். ஒரு சின்னப் பையன், இருபது வயசு இருக்கும், மகன் முன்னால் முழங்கால் போட்டு, நாட்டின் சார்பில், படையின் சார்பில் நன்றி சொல்லி அதைக் கையில் கொடுத்தான். அதுவரை கல்லு மாதிரி இருந்த மகன் உடைஞ்சு போனார். பேசாமப் போன அத்தனை வருஷமும் அந்த முக்கோணத்துக்குள்ள மடிஞ்சு கிடந்தது.

எல்லாம் முடிந்து திரும்பும்போது அந்த ஃபியூனரல் ஹோம்காரர் என் பக்கம் வந்தார். எல்லாரிடமும் கேட்கிற பழக்கம்போல என்னிடமும் கேட்டார். “உங்க வீட்டில் யாராவது படையில் இருந்தாங்களா?”

(அரங்கில் அமைதி)

“எங்கப்பா”ன்னு சொன்னேன். அதுக்கு மேல என்னால பேச முடியலை. அவர் தொப்பியைக் கழட்டிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

ஆமாம் நடுவர் அவர்களே. எங்கப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தார். 1965லயும் 1971லயும் போர்முனையில் நின்றவர். திரும்பி வந்து கூட்டுறவு சொசைட்டியில் காவல்காரராக இருந்தார். 1991இல் போனார். கொள்ளி வச்சவன் நான்தான். குறை ஒண்ணும் வைக்கலை. பூப்பல்லக்கு, வெடி, மேளம், நெய்ப்பந்தம் எல்லாம் உண்டு. தந்தி இருபத்து மூணு பேருக்கு அடிச்சோம். அத்தை, மாமன், சித்தப்பா, சம்பந்தி, சம்பந்திக்குச் சம்பந்தி! கோடித்துணி யார் முதலில் போடறதுன்னு பங்காளிகளுக்குள்ள ஒரு மணி நேரம் சண்டை வேற. இதுதான் எதிரணி பாராட்டுகிற உறவு!

பதினாறாம் நாள், பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சட்டையில் பதக்கம் குத்தியிருந்தார். அப்பாவோட ஒரே பங்கரில் இருந்தவராம். எங்களுக்குச் செய்தி சொல்லணும்னே தோணலை, யாரோ சந்தையில் சொல்லிக் கேள்விப்பட்டு வந்திருக்கார். திண்ணையில் உட்கார்ந்து சொன்னார், “தம்பி, ஒரு வார்த்தை சொல்லி விட்டிருந்தா, நாங்க நாலு பேரு வந்து ஒரு சல்யூட் அடிச்சு அனுப்பியிருப்போமேப்பா.”

அப்புறம்தான் அப்பாவோட டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். சமர் சேவா ஸ்டார், சங்கிராம் மெடல், ஒரு துணியில சுத்தி நாப்தலின் உருண்டை போட்டு வச்சிருந்தார். அவருடைய படை எண் எனக்குத் தெரியாது. ரேஷன் கார்டு எண் தெரியும்!

எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது நடுவர் அவர்களே. அப்பா மிலிட்டரிக்காரர்னு தெரியும். தெரியும், ஆனா அந்த நேரத்துல நினைக்கலை. ஏன்னா உறவு என்பது துக்கத்தில் மூழ்கிவிடும். அழறவன் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அப்போ நினைப்பூட்ட ஒருத்தர் வேணும். “அவர் படையில இருந்தாரே, கூட இருந்தவங்களுக்குச் சொன்னீங்களா?”ன்னு கேட்க, அழாத ஒருத்தர் வேணும். அந்த ஒருத்தர்தான் ஊர்! (பலத்த கைதட்டல்)

இது அந்நிய நாட்டுச் சரக்கு இல்லை. நம்ம சரக்குதான். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் நடுகல் கண்டெடுத்தார்களே, ஈராயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. ஆநிரைப் பூசலில் பட்டவனுக்காக நட்ட கல். செங்கம் பக்கம் போங்கள், வரிசையாக நடுகற்கள். பேர் வெட்டி, ஊர் வெட்டி, எந்தச் சண்டையில் பட்டான் என்றும் வெட்டி வைத்தார்கள். வீட்டுக்குள்ளேயா வைத்தார்கள்? ஊர் பார்க்கிற இடத்தில் வைத்தார்கள்! கல்லில் வெட்டினவன் பேரனாகிய நான், டிரங்குப் பெட்டியில் பூட்டி வச்சிட்டேன்.

இன்னொன்றும் சொல்லணும். அங்கே அந்தத் தொழில் செய்கிற குடும்பம் ஊருக்கு நடுவில் குடியிருக்கிறது. நம்ம ஊரில் கடைசிக் காரியம் செய்கிறவரை நாம் எங்கே வச்சோம்? ஊருக்கு வெளியே. நம் அப்பாவைக் கடைசியாகத் தொட்டவர் கையைத் தொடத் தயங்கினோம். ஊர்தான் காக்கும் என்று பேச வந்த நான், ஊர் செய்த இந்தத் தப்பையும் ஒத்துக்கொண்டால்தான் என் பேச்சு யோக்கியமான பேச்சு. (கைதட்டல்)

உறவே இல்லாதவனுக்கு என்ன வழி என்று எதிரணி யோசித்ததா? அங்கே ஃபியூனரல் ஹோம் அலமாரிகளில் கேட்பாரற்ற அஸ்திக் கலசங்கள் வருஷக்கணக்கில் இருக்கின்றன. வாங்கிப் போக யாரும் வரலை. 2006இல் தொடங்கிய ‘மிஸ்ஸிங் இன் அமெரிக்கா’ திட்டத்தின் தொண்டர்கள் கடைகடையாகப் போய், “இதில் யாராவது படையில் இருந்தாரா?” என்று பேர் பேராகத் தேடுகிறார்கள். கண்டுபிடித்து, கொடி வைத்து, டேப்ஸ் ஒலித்து அடக்கம் செய்கிறார்கள். மகன் இடத்தில் நின்று அந்தக் கொடியை வாங்குகிறவர் முன்பின் தெரியாத ஒருவர்! உறவு கைவிட்ட இடத்தில் ஊர் நிற்கிறது ஐயா!

(மணி ஒலிக்கிறது)

அடிச்சிட்டீங்க. முடிச்சிடறேன். ஊருக்குத் திரும்பி வந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். எங்க ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் படையில் இருந்தவர்கள் பேர், படைப்பிரிவு, எண், கூட இருந்தவர் யார், யாருக்குச் சொல்லணும், எல்லாம் எழுதினேன். நாற்பத்தோரு பேர் தேறினார்கள். இன்றைக்கு எங்கள் ஊரில் அவர்களில் யார் போனாலும், பங்காளிக்குச் செய்தி போகிறதுக்கு முன்னால் படைத்தோழனுக்குச் செய்தி போகிறது. அரசாங்கச் செலவு இல்லை, ஆடம்பரம் இல்லை. நாலு கிழவர்கள் வருவார்கள், நேராக நிற்பார்கள், ஒரு சல்யூட். அவ்வளவுதான்.

முதல் சல்யூட் யாருக்குத் தெரியுமா? 2012இல், எங்கப்பா நினைவு நாளன்று, டிரங்குப் பெட்டியைத் திறந்து பதக்கங்களைப் படத்துக்கு முன்னால் வைத்தேன். அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து அழுத அதே பெரியவர் வந்தார். பேரன் தோளைப் பிடிச்சு, கம்பு ஊன்றி வந்தவர், படத்துக்கு முன்னால் வந்ததும் கம்பை என்கிட்டே கொடுத்துட்டு, தோளையும் விட்டுட்டு, தனியா நிமிர்ந்து நின்னு கையைத் தூக்கினார்.

இருபத்தோரு வருஷம் தாமதம் நடுவர் அவர்களே. ஆனா வந்து சேர்ந்தது. கொள்ளி வைத்தது மகனாகிய நான். மரியாதை வைத்தது ஊர்!

ஆகவே, ஒரு மனிதனின் கடைசி மரியாதையைக் காப்பது ஊரே, ஊரே என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒரு பதக்கம் இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே எடுத்துத் துடைத்து, “இது எப்போ வாங்கினீங்க?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். (நீண்ட கைதட்டல்)